ஸயன் பூங்காவின் பாறைகளும் விடர்களும்: ஒளிப்படம் எடுப்போர்க்குச் சில குறிப்புகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் ஸயன் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. பூங்கா என்னும் சொல்லைக் கேட்டு மலர்ப் பாத்திகளையும் புல்தரையையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். வறண்ட மேட்டு நிலம் ஒன்றை வர்ஜின் என்னும் ஆறு அறுத்துச் சென்றதால் உண்டான செங்குத்துப் பாறைச் சுவர்களும், உறைபனியும் மழையும் காற்றும் செதுக்கிய மொட்டைக் குன்றுகளும், இரு கைகளையும் நீட்டினால் இரு புறச் சுவர்களையும் தொட்டுவிடக் கூடிய பிளவுகளுமே அங்குள்ள காட்சிகளாகும். 1909-ஆம் ஆண்டில் இந்நிலப்பகுதி முக்குந்துவீப் என்னும் பெயரால் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1919-இல் ஸயன் என்னும் பெயரோடு தேசியப் பூங்காவாயிற்று. முந்திய பெயர் அந்நிலத்தின் பழங்குடியினராகிய பையூட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பிந்திய பெயர், தமிழ் விவிலியத்தில் ‘சீயோன்’ என நாம் படிக்கும் அதே பெயர். அங்குக் குடியேறிய மார்மன் சமயத்தார் இட்டது.

2021-ஆம் ஆண்டில் மட்டும் இப்பூங்காவைக் காண 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். காமிராவின்றி வந்தவர் அவருள் மிகச் சிலராகவே இருந்திருப்பர். எனினும் இவ்வகை நிலத்தில் எடுக்கப்படும் படங்களுள் பெரும்பாலானவை எடுத்தவருக்கே மனநிறைவு தருவதில்லை. கண்ணுக்குக் கனல் போல ஒளிர்ந்த சுவர் படத்தில் மங்கிய பழுப்பாக வந்திருக்கும். அதன் மேலே வானம் ஒரு வெறும் வெண்பட்டையாகத் தெரியும். ஆயிரம் அடி உயரப் பாறை ஒரு மண்சுவர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். குறை காமிராவில் இல்லை. அந்நிலத்தில் ஒளி எவ்வழியாக வருகிறது என்பதை அறியாமையே இதற்குக் காரணம். ஒளி வரும் வழியைத் தீர்மானிப்பது பாறையின் வடிவம். பாறையின் வடிவத்தைத் தீர்மானித்தது நீர். அந்த நீர் இன்னும் தன் வேலையை முடித்துவிடவில்லை என்பதையும் படம் எடுக்கச் செல்பவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே ஒளியைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் இங்கு ஒருங்கே கூற நேர்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே கூறிவிடுதல் நலம். அகலம் மிகக் குறைந்தும் ஆழம் மிகப் பெருகியும் நிற்கும் பள்ளத்தாக்குக்கு அமெரிக்கர் வழங்கும் பெயர், உண்டியலில் காசு போடும் நீண்ட துளைக்கு உரிய பெயராகும். அதனை அப்படியே பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். மலைப்பிளவைக் குறிக்க ‘விடர்’ என்னும் சொல் பழந்தமிழில் உண்டு. அது இக்காலத்தில் அருகியே வழங்குவதாயினும் பொருளுக்கு முற்றும் பொருந்துவதால் இக்கட்டுரையில் அதனையே ஆள்கிறோம்.

மணல் மேடு பாறையானது

ஸயனின் பெருஞ்சுவர்கள் பெரும்பாலும் நவஹோ மணற்கல் என்னும் ஒரே பாறையால் ஆனவை. ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் பரந்த மணற்பாலையாக இருந்தது. காற்று மணலை மேட்டின் ஒரு புறச் சரிவில் ஏற்றி மறு புறத்தில் வழியவிட்டது; வழிந்த மணல் சாய்ந்த படலங்களாகப் படிந்தது. பிறகு காற்றின் திசை மாறவே, மேட்டின் தலை அரிக்கப்பட்டு, அதன் மீது வேறொரு மேடு வேறு சாய்வுடன் அமைந்தது. இவ்வாறு மேட்டின் மேல் மேடாகச் சேர்ந்த மணலை, நிலத்தடி நீர் கொணர்ந்த சுண்ணப் பொருளும் இரும்பு ஆக்ஸைடும் பிணைத்து இறுக்கின. இன்று அப்பாறை சில இடங்களில் 2,000 அடிக்கு மேல் கனமுடையது. அதன் முகத்தில் காணும் சாய்கோடுகள் அன்றைய மணல் மேடுகளின் சரிவுகளே. கோடுகள் எப்பக்கம் சரிந்து இறங்குகின்றனவோ அப்பக்கம் நோக்கிக் காற்று வீசிற்று என்று அறியலாம்.

பாறையின் சிவப்பு நிறம் இரும்பு ஆக்ஸைடினால் ஆயது. மணல் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாக அமைந்த இப்பொருள் அளவில் மிகச் சிறியது, நிறமோ பெரிது. சுவர்களின் மேற்பகுதி பல இடங்களில் வெண்மையாகத் தோன்றும். அங்கும் முன்பு சிவப்பு இருந்தது; பாறையினூடே ஊர்ந்த நீர்மங்கள் இரும்பைக் கரைத்து அகற்றிவிட்டன. படம் எடுப்பவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. வெண்பாறை நேர் ஒளியில் எளிதில் வெளிறிவிடும். செம்பாறையோ ஒளியைத் தன் நிறம் ஏற்றித் திருப்பி அனுப்பும்.

நவஹோ மணற்கல்லின் அடியில் கயெண்டா என்னும் வேறொரு படிவம் உள்ளது. அது களியும் வண்டலும் கலந்த மென்பாறை. வர்ஜின் ஆறு கயெண்டாப் படிவம் வரை அறுத்து இறங்கிவிட்ட இடங்களில், மென்பாறை கரைந்து, மேலேயுள்ள மணற்கல் பிடிமானம் இழந்து பாளம் பாளமாகச் சரிகிறது. பள்ளத்தாக்கு அகன்றுகொண்டே போகிறது. அதற்கு மேற்புறத்தில் ஆறு இன்னும் மணற்கல்லுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கிறது. அங்குச் சரிவதற்கு அடிப்பாறை இன்மையால் சுவர்கள் நேராக நிற்கின்றன. நேரோஸ் எனப்படும் புகழ்பெற்ற விடர் இதுவே. 1872-இல் இவ்வழியே சென்ற நிலவியல் அறிஞர் க்ரோவ் கார்ல் கில்பர்ட் இட்ட பெயர் அது. முழு நீளம் ஏறத்தாழ 16 மைல். சுவர்களின் உயரம் 1,000 அடி வரை. மிகக் குறுகிய பகுதிகளில் அகலம் 20 முதல் 30 அடியே. ஆற்றின் வாட்டமும் சாதாரணமானதன்று. மைலுக்கு 50 முதல் 80 அடி வரை இறங்குகிறது. நம் சமவெளி ஆறுகளின் அமைதியான போக்கைக் கண்டு பழகியவர்க்கு இந்த எண்ணே இவ்வாற்றின் அறுக்கும் ஆற்றலை உணர்த்திவிடும்.

சதுரங்கக் குன்றும் தாழ்ந்த கதிரும்

விடருக்குள் புகுமுன் திறந்த வெளியில் உள்ள பாறையைப் படம் பிடித்துப் பழகுதல் நன்று. பூங்காவின் கிழக்கு வாயிலுக்கு அருகில் செக்கர்போர்டு மேசா என்னும் குன்று உள்ளது; சதுரங்கப் பலகைக் குன்று எனலாம். அதன் வெளிறிய முகத்தில் கிடைக்கோடுகளும் குத்துக்கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக் கட்டங்களாகத் தோன்றும். கிடைக்கோடுகள் பண்டைய மணற்படலங்கள். குத்துக்கோடுகள் பாறை மாறி மாறி உறைந்தும் இளகியும் விரிந்தும் சுருங்கியும் வந்ததால் உண்டான வெடிப்புகள். இருவகைக் கோடுகளும் ஆழமற்றவை. ஆதலின் அவை நிழலால் மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகின்றன.

நிழலின் நீளம் எளிய கணக்கு. ஓர் அங்குலம் உயர்ந்த விளிம்பின் மேல், பாறைப் பரப்புக்கு 60 பாகைக் கோணத்தில் கதிர் விழுமாயின் நிழல் அரை அங்குலத்துக்குச் சற்று மிகும். அதே கதிர் 10 பாகைக் கோணத்தில் உராய்ந்து சென்றால் நிழல் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நீளும். பத்து மடங்கு வேறுபாடு. நண்பகலில் தட்டையாகத் தெரியும் குன்று காலையிலோ மாலையிலோ வரிவரியாக எழுந்து நிற்பதன் காரணம் இதுவே. இங்குக் கவனிக்க வேண்டியது தொடுவானத்திலிருந்து கதிரவன் நிற்கும் உயரம் அன்று. பாறைப் பரப்புக்கும் கதிருக்கும் இடையேயுள்ள கோணம். குன்றின் முகம் சாய்ந்திருப்பதால் ஒரே நேரத்தில் அதன் ஒரு பகுதியில் கோடுகள் கூர்மையாகவும் மறுபகுதியில் மறைந்தும் இருக்கும். சில அடி நடந்து சுற்றிப் பார்த்தவரே இதனைக் கண்டுகொள்வர்.

அளவைக் காட்டுவதற்கு ஒரு மனிதரோ மரமோ படத்தில் இருத்தல் வேண்டும். பாறைக்குத் தன் அளவைத் தானே கூறும் இயல்பு இல்லை. கையளவு கல்லும் மலையும் ஒரே விதமாக வெடிக்கின்றன. காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துச் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரிவன போலத் தோன்றும் என்பதும் நினைவில் இருக்கட்டும். கூடியவரை தொலைவில் நின்று காமிராவை மட்டமாக வைத்து எடுப்பதே தக்கது.

பாதையை விட்டு விலகும்போது ஓர் எச்சரிக்கை. பாலை மண்ணின் மேல் கருமையாகவும் புடைப்புகளுடனும் காணப்படும் மேலோடு வெறும் மண்ணன்று. நீலப்பச்சைப் பாசிகளும் லைக்கன்களும் பாசங்களும் மணல் துகள்களைக் கட்டிப் பிடித்து வளரும் உயிர்ப்பரப்பு அது. ஓர் அடிச்சுவடு அழிய எத்தனையோ ஆண்டுகள் ஆகும். வெறும் பாறையிலும் நீரோடிய மணல் தடத்திலும் மட்டுமே கால் வைக்க வேண்டும்.

விடருக்குள் ஒளி

திறந்த வெளியில் நாம் கற்ற விதி விடருக்குள் தலைகீழாகிறது. தாழ்ந்த கதிர் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. காலைப் பொழுது முதிர்ந்து கதிரவன் உயர்ந்த பின்னரே ஒரு சுவரின் மேற்பகுதியில் வெயில் விழுகிறது. அவ்வெயில் எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பப்படுகிறது. அங்கிருந்து மீண்டும் கீழ்நோக்கி. இவ்வாறு சுவருக்குச் சுவர் மோதி அடித்தளத்தை அடைகிறது.

ஒவ்வொரு மோதலிலும் ஒளியின் நிறம் மாறுவதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். சுவர் ஒன்று தன்மேல் விழும் சிவப்பொளியில் நூற்றுக்கு 50 பங்கையும் நீல ஒளியில் 20 பங்கையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். முதல் மோதலுக்குப் பின் சிவப்பு நீலத்தைப் போல் இரண்டரை மடங்கு. இரண்டாம் மோதலுக்குப் பின் சிவப்பு 25, நீலம் 4. அஃதாவது ஆறு மடங்குக்கு மேல். மூன்றாம் மோதலில் சிவப்பு பன்னிரண்டரை, நீலம் ஒன்றுக்கும் குறைவு. பதினைந்து மடங்குக்கு மேல். பாறை அதே பாறைதான். ஆயினும் வெயில் நேரே படும் இடத்தில் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தோன்றுவது, மும்முறை சுற்றி வந்த ஒளியில் கனிந்த செம்பொன் நிறம் பெறுகிறது. விடருக்குள் நிற்பவர் சுவரே விளக்கேற்றியது போல் ஒளிர்வதாக உணர்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே படம் எடுக்க வேண்டியது வெயில் படும் சுவரை அன்று. அதற்கு எதிரே நிழலில் நிற்கும் சுவரைத் தேடுக. அதினும் மேலானது, அச்சுவரின் ஒளியைப் பெற்று அடுத்த வளைவில் ஒதுங்கி நிற்கும் மூன்றாவது சுவர். வானத்தையும் நேர் வெயில் விழும் பாறையையும் படத்தின் எல்லைக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று உள்ளே புகுந்தாலும் ஒளியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையேயுள்ள வேறுபாடு காமிராவின் கொள்ளளவை மிஞ்சிவிடும். இக்காலத்து எண்முறைக் காமிராக்களுள் சிறந்தவை பழைய வண்ணப் படச்சுருளைக் காட்டிலும் மிகப் பரந்த வேறுபாட்டைப் பதிவு செய்ய வல்லவை. அவையும் கண்ணுக்கு ஈடல்ல. ஒளிப்பரவல் வரைபடத்தில் வலக்கோடி முட்டாதவாறு பார்த்துக்கொண்டு, பதிவைச் சுருக்காமல் கச்சாக் கோப்பாகவே வைத்துக்கொண்டால் இருண்ட பகுதிகளைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். வெளிறிப்போன பகுதியை மீட்க வழியே இல்லை.

நிழற்பகுதிகளில் வானத்தின் நீலமும் நேரே வந்து விழுகிறது. சிவந்த எதிரொளியும் நீல வானொளியும் கலக்கும் இடங்களில் பாறை ஊதாவாகத் தோன்றும். இவ்வூதாவைப் பொய் நிறம் என எண்ணுவோர் உளர். உண்மையில் அது பாறையின் நிறமன்று, ஒளியின் நிறம். காமிராவின் வெண்மைச் சமன் தானியங்கியாக விடப்பட்டால் அது இந்நிறங்களையெல்லாம் பிழையெனக் கருதித் திருத்திவிடும். சிவப்பை நீலத்தால் ஈடுசெய்து, சுவரைச் சாம்பற் பழுப்பாக்கும். பகல்வெயில் என்னும் நிலையில் அதை நிறுத்திவிடுவதே சரி. மனநிறைவு தராத படங்களுள் பல இந்த ஒரே பிழையால் கெட்டவை என்று துணிந்து கூறலாம்.

ஒவ்வொரு மோதலிலும் சிவப்பொளியும் பாதியாகக் குறைகிறது என மேற்கணக்கு காட்டுகிறது. ஆகவே ஒளிபடு நேரம் நீளும். கால் விநாடி முதல் பல விநாடிகள் வரை ஆகலாம். முக்காலி இன்றியமையாதது. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள வளைவும் ஒருசேரத் தெளிவாக வர எஃப் 11 என்னும் துளையளவு பெரும்பாலும் போதும். அதனினும் மிகச் சிறிய துளையில் ஒளியின் விளிம்பு வளைவால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். நேரோஸில் பாதை என்பதே ஆறுதான். நடப்பது, வழுக்கும் தேங்காய்களின் மேல் நடப்பது போன்றது. ஓடும் நீரில் ஊன்றிய முக்காலி கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். நீருக்கு வெளியே உள்ள சரளைத் திட்டில் அதனை நிறுத்துவதே மேல்.

ஈரப் பாறையின் பளபளப்பை நீக்க முனைவாக்க வடிகண்ணாடி பயன்படும். நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் பட்டு வரும் ஒளியை அது முற்றிலும் தடுத்துவிடும். ஆனால் ஒளிரும் சுவரின் சாயல் ஆற்றுநீரில் பொன்னை உருக்கி ஊற்றியது போல் மிதப்பதே பல வேளைகளில் அவ்விடத்தின் தலையாய காட்சி. கண்ணாடியைக் கவனமின்றித் திருப்பினால் அதுவும் மறைந்துவிடும். திருப்பிப் பார்த்துக்கொண்டே, போதும் என்னும் இடத்தில் நிறுத்துக.

இவ்வளவு வசதிகளும் இல்லாத காலத்தில் இங்குப் பணி செய்தவர்களை ஒரு சொல்லாவது நினைவுகூர வேண்டும். ஜான் ஹில்லர்ஸ் என்பவர் 1871-இல் ஜான் வெஸ்லி பவலின் ஆய்வுக் குழுவில் படகோட்டியாகச் சேர்ந்து, பின்னர் அக்குழுவின் படப்பிடிப்பாளரானார். அவர் காலத்து முறையில் கண்ணாடித் தகட்டின் மேல் கரைசலைப் பூசி, அது உலருமுன் படம் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். உலர்காற்று வீசும் பாலையில் இது எத்துணைக் கடினம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1941-இல் அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் பணியை ஏற்று இப்பூங்காவைப் படமெடுத்த ஆன்ஸல் ஆடம்ஸ், நிறத்தை அறவே விட்டுக் கருப்பு வெள்ளையிலேயே பாறையின் கனத்தைக் காட்டினார். அப்படங்கள் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தூசியால் தெரியும் ஒளித்தூண்

நவஹோ மணற்கல் ஸயனோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்கே அரிஸோனா மாநிலத்தின் பேஜ் நகருக்கு அருகில், நவஹோ மக்களுக்கு உரிய நிலத்தில், அதே பாறையில் ஆண்டிலோப் என்னும் விடர் உள்ளது. அம்மக்களின் பழங்குடிப் பூங்காவாகிய அவ்விடத்தில் வழிகாட்டியின்றி நுழைய இயலாது. அதன் மேற்பகுதி உச்சியில் குறுகி அடியில் அகன்றது. கோடை மாதங்களின் நண்பகலில் உச்சித் துளை வழியே வெயில் ஒரு தூண் போல இறங்கும். உலகெங்கும் நாட்காட்டிகளில் அச்சாகும் படம் இதுவே.

ஒளித்தூண் பக்கவாட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிவதன் காரணம் டிண்டால் விளைவு ஆகும். தூய காற்றில் செல்லும் கதிரை நாம் காண இயலாது. காற்றில் மிதக்கும் நுண்தூசி ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பும்போதே அதன் பாதை புலனாகிறது. ஓட்டுக் கூரையின் துளை வழியே வீட்டுக்குள் விழும் வெயிலில் இதனை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வழிகாட்டிகள் ஒரு பிடி மணலை மேலே தூவி இத்தூணை வரவழைத்துக் காட்டுவதும் உண்டு. அந்நுண்மணல் லென்ஸைக் கீறும், ஷட்டருக்குள் புகும். அங்கு லென்ஸைக் கழற்றி மாட்டுதல் ஆகாது. எமது கருத்தில், தூவிய மணலால் பிறக்கும் தூணைக் காட்டிலும் வளைவில் ஒதுங்கி நின்று மூன்றாம் எதிரொளியில் கனியும் சுவரே அவ்விடரின் உண்மையான அழகு. வருவோர் கூட்டம் பெருகியதால் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் படப்பிடிப்புக்கென இருந்த தனிச் சுற்றுலாக்கள் அங்கு நிறுத்தப்பட்டன, முக்காலிக்கும் இடமில்லை. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தி, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து, மூச்சை அடக்கி எடுப்பது ஒன்றே வழி. ஸயனில் முக்காலியோடு நிதானமாகப் பழகியவர்க்கு இது நெருக்கடியாகத் தோன்றினும், எதிரொளியின் விதி இரு இடத்துக்கும் ஒன்றே.

வானம் தெரியாத இடம்

ஆண்டிலோப் விடரின் கீழ்ப்பகுதியில் 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் திடீர் வெள்ளம் புகுந்து பதினொரு பயணிகளைக் கொன்றது. அவ்விடத்தில் பெய்த மழை மிகச் சொற்பம். பெருமழை பல மைல்களுக்கு அப்பால், மேட்டு நிலத்தில் பெய்தது. உள்ளே இறங்கப் பயன்பட்ட மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துச் சென்றது. அதன் பின்னரே பாறையில் திருகப்பட்ட இரும்புப் படிகளும் எச்சரிக்கைக் கருவிகளும் அமைக்கப்பட்டன.

ஸயனிலும் இத்தகைய நாள் ஒன்று வந்தது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று, சதுரங்கக் குன்றிருக்கும் அதே கிழக்குப் பகுதியில் உள்ள கீஹோல் என்னும் சிறு விடருக்குள் ஏழு பேர் இறங்கினர். அவர்கள் பூங்காவின் அனுமதிச் சீட்டைப் பெற்றவர்கள். கயிறு கட்டி விடர்களில் இறங்கும் பொழுதுபோக்கினர். ஏழு பேரும் உயிரிழந்தனர். அன்று வர்ஜின் ஆற்றின் வடகிளையில் நீரோட்டம் விநாடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடியாகப் பதினைந்தே நிமிடங்களில் ஏறியது. அஃதாவது ஏறத்தாழ 48 மடங்கு.

மேட்டூர் அணைச் செய்திகளில் நாள்தோறும் கன அடிக் கணக்கைப் படிக்கும் நமக்கு 2,630 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அகலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். இந்த நீர் 20 அடி அகலமுள்ள விடரில் விநாடிக்கு 10 அடி வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அப்போது ஆழம் 13 அடி; இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அதே இடத்தில் 55 கன அடி நீர் விநாடிக்கு 3 அடி வேகத்தில் ஓடினால் ஆழம் ஓர் அடிக்கும் குறைவு. முழங்காலுக்குக் கீழே சலசலத்த நீர், முக்காலியை நிறுத்தி நான்கைந்து காட்சிகளை எடுத்து முடிப்பதற்குள் தலைக்கு மேல் எழும். அந்நிலம் வெறும் பாறையாதலின் மழைநீரை உறிஞ்சுவதற்கு மண்ணோ வேரோ இல்லை. பரந்த மேட்டில் பெய்தது அனைத்தும் புனலில் ஊற்றியது போல விடரின் வாயில் வந்து சேர்கிறது.

படம் எடுப்பவருக்கு இங்கு ஒரு தனி இடர் உண்டு. சுவர்கள் நெருங்க நெருங்க எதிரொளி கனிகிறது என்று மேலே கண்டோம். சுவர்கள் நெருங்க நெருங்க வானமும் சுருங்குகிறது. மிகச் சிறந்த ஒளி கிட்டும் இடத்தில் தலைக்கு மேல் தெரிவது ஒரு நீல நாடா மட்டுமே. அடிவானத்தில் திரளும் கார்மேகத்தைக் காண வழியில்லை. திடீர் வெள்ளம் மிகுதியாக நேர்வது ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரையில். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில். விடருக்குள் ஒளி நன்கு சுற்றி வரும் நேரமும் முற்பகல் முதிர்வு முதல் பிற்பகல் வரையே. இரு காலமும் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன. போதாக்குறைக்கு, நேரோஸின் மிக அழகிய பகுதியாகிய வால் ஸ்ட்ரீட் எனப்படும் நெருக்கத்தில் ஏறி நிற்பதற்கு மேட்டிடம் இல்லை.

ஆகவே வானத்தைப் பார்க்க வேண்டிய நேரம் உள்ளே இறங்குமுன். வெள்ள வாய்ப்பை ‘எதிர்பார்க்கப்படவில்லை’, ‘நேரலாம்’, ‘பெரும்பாலும் நேரும்’, ‘நிச்சயம் எதிர்பார்க்கலாம்’ என நான்கு படிகளாகப் பிரித்து நாள்தோறும் அறிவிக்கின்றனர். இரண்டாம் படிக்கு மேல் உள்ள நாளில், எத்துணைத் தொலைவிலிருந்து வந்தவராயினும், சதுரங்கக் குன்றின் பக்கம் போவதே தக்கது. நீரோட்டம் 150 கன அடியை மிஞ்சினால் நேரோஸ் மூடப்படும். வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டால் அது நீங்கி இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே திறக்கப்படும்.

உள்ளே சென்ற பின் வானத்துக்குப் பதிலாக நீரைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், குச்சிகளும் சருகுகளும் மிதந்து வருதல், ஓட்டத்தின் விசை மிகுதல், மேற்புறத்திலிருந்து வளர்ந்து வரும் இரைச்சல், இடியொலி ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே மேட்டிடம் ஏறிவிட வேண்டும். வெள்ளத்தோடு போட்டியிட்டு ஓடிவிட இயலாது. சில அடி உயரம் ஏறுவதே உயிரைக் காத்துவிடலாம். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் முக்காலியை விரிக்குமுன் ஏறத்தக்க திட்டு எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். முக்காலியையும் காமிராவையும் விட்டுவிட்டு ஏறுக. நீண்ட ஒளிபடு நேரத்தில் நீரைப் பட்டுத்துணி போலக் காட்ட விரும்பி ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சில விநாடிகளிலும் செவி மேற்புறத்தை நோக்கியே இருக்கட்டும். கண் காமிராத் திரையில் ஆழ்ந்திருக்கையில் நீர் கலங்கியதைக் காணாமல் போவது எளிது. அதனால் துணைவர் ஒருவரை ஆற்றைப் பார்க்கச் சொல்லி நிறுத்துவது நல்ல வழக்கம்.

இறுதியாக, வெள்ளத்தையே படமெடுக்கவும் இயலும். அது வடிந்து பல நாட்களான பின். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் படிந்த சேற்றுக்கோட்டையும், இரு சுவர்களுக்கும் இடையே தலைக்கு மேல் குறுக்காகச் செருகி நிற்கும் மரத்தடிகளையும் விடர்களில் காணலாம். அவற்றை யாரும் ஏற்றி வைக்கவில்லை. நீர் வைத்துவிட்டுப் போனது. அத்தகைய மரத்தடி ஒன்றைக் கண்டால், ஆற்றைக் காத்து நின்ற துணைவரை அதன் நேர் அடியில் ஒரு கணம் நிற்கச் சொல்லி, காமிராவைச் சாய்க்காமல், சேற்றுக்கோடும் மரத்தடியும் மனிதரும் ஒரே சட்டத்துள் அடங்குமாறு எடுத்துக்கொள்க. பாறையின் அளவும் நீரின் அளவும் அப்படத்தில் ஒருங்கே பதிவாகும்.